நாலாவது கோடு

வானகரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறினால், புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஐடி கம்பெனி?" என்பதுதான். "ஐடி இல்லீங்க, பெயிண்ட் கம்பெனி" என்பேன். "அப்படியா, எங்க ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம், சொல்லுங்க" என்பார்கள். நான் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் செய்கிறவள் இல்லை, இரும்புக்கு அடிக்கிற பெயிண்ட் செய்கிறவள் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் மாடி வந்துவிடும். மின்சாரப் பெட்டி, சைக்கிள் சட்டம், ஆஸ்பத்திரிக் கட்டில், பீரோ, கேட். இவற்றின் மேல் இருக்கிற வண்ணத்தை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து சமைத்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தொழிற்சாலை சின்னது. மூன்று கொட்டகைகள். ஒன்றில் பவுடர், ஒன்றில் தின்னர் கலந்த பழைய வகைப் பெயிண்ட், ஒன்றில் தண்ணீர் கலந்த புது வகைப் பெயிண்ட். வேதியியல் முதுகலை முடித்து விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள், பதினோரு வருஷமாக இங்கேயே இருக்கிறேன். எந்த மூலப்பொருளை எவ்வளவு, எந்த வரிசையில் சேர்ப்பது என்று முடிவு செய்வது என் வேலை. இத்தனை வருஷத்தில் சலித்துப்போன விஷயங்கள் நிறைய உண்டு. எஸ்டேட் ரோட்டின் குழிகள், கேன்டீன் சாம்பார், என் முன்கோபம். வேலை மட்டும் சலிக்கவில்லை.

பவுடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெசின் என்கிற பிசினையும் நிறமியையும் உருக்கிக் கலந்து, அப்பளம் மாதிரி மெல்லிசாக இழுத்து, ஆறவிட்டு, உடைத்து, கோலமாவு பதத்துக்கு அரைப்போம். மின்சாரம் ஏற்றி இரும்புத் தகட்டின் மேல் ஊதினால் ஒட்டிக்கொள்ளும். வாயால் பலமாக ஊதினால் போய்விடும், அவ்வளவுதான் அதன் பிடிப்பு. அதே தகட்டை ஓவனுக்குள் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பொடி முதலில் நனைந்த மாதிரி கறுக்கும். பிறகு ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளமாகும். பிறகு, யாரும் தொடாமல், தானாகவே வழிந்து மட்டமாகும். வெளியே எடுத்து ஆறிய பிறகு வீட்டுச் சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது. ஊதினால் பறந்த பொடி அது. நான் இன்றைக்கும் அந்த ஓவன் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன், வேலை இல்லாவிட்டாலும்.

தண்ணீர் பெயிண்டின் ரெசின் பார்ப்பதற்கு அசல் பால். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் வெள்ளை இருந்த இடமே தெரியாது. கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி படிந்திருக்கும். தண்ணீர் போகப் போக, அதில் மிதந்துகொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே தோலாகிவிடுகின்றன. இதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மதிப்பெண் வாங்கினதோடு சரி. முதல் தடவை கண்ணால் பார்த்த அன்று உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்குக் கடவுள் நம்பிக்கை ஏறும், இறங்கும். அந்த மாதிரி நேரங்களில் ஏறும்.

தண்ணீர் பெயிண்ட் கொட்டகையில் மிக்சர் ஓட்டுவது ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி வந்து ரயில் பிடிப்பார். எட்டு வருஷம் பேக்கிங்கில் டின்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர். தின்னர் வாடை பட்டால் அவருக்கு மண்டை வெடிக்கிற மாதிரி வலிக்கும், அதனால் கலக்குகிற வேலைப் பக்கமே போனதில்லை. அது ஆம்பிளைகள் வேலை என்று வேறு ஒரு பேச்சு. தண்ணீர் பெயிண்டில் அந்த வாடை கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அதைச் சொல்லித்தான் முதலாளியிடம் சண்டை போட்டு அவரை மிக்சருக்கு வாங்கினேன். முதலாளி அரை மனசாக ஒத்துக்கொண்டார். அக்காவின் அடையாள அட்டையில் 'ஹெல்பர்' போய் 'ஆபரேட்டர்' வந்தது. அந்த அட்டையை அவர் ரயிலிலும் கழற்ற மாட்டார். புடவைக்கு வெளியே, எல்லாரும் படிக்கிற மாதிரி தொங்கும்.

அவருடைய காது அபாரம். டைட்டானியம் மூட்டையைத் தண்ணீரில் கொட்டி மிக்சரை வேகமாக ஓட்டும்போது, கட்டிகள் உடைந்து மாவாகிவிட்டதா என்று நான் ஓர் அளவுகோலில் தேய்த்துப் பார்ப்பேன். அதற்கு முன்பே அக்கா சொல்லிவிடுவார். "சத்தம் மொழுமொழுன்னு ஆயிடுச்சி மேடம், இப்போ பாரு." அவர் பாஷையில் மேடமும் 'நீ'யும் சண்டையில்லாமல் ஒரே வாக்கியத்தில் வரும். பார்த்தால் சரியாக இருக்கும். டைட்டானியம் என்பது வெள்ளைக்கே வெள்ளை. அதன் பக்கத்தில் பால், உப்பு எல்லாம் அழுக்காகத் தெரியும். அந்த வெள்ளை பதமாவதைக் காதால் கேட்கிற ஆளைப் பார்த்து நான் ஆடிப்போயிருக்கிறேன். ஆனால் வெளியே சொன்னதில்லை, என் கௌரவம் விடவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு பொருளையும் சேர்த்த பிறகு, தட்டையான கரண்டியால் துளி பெயிண்ட் எடுத்துப் பழைய டின் மூடி ஒன்றின் உள்பக்கம் ஒரு கோடு இழுப்பார். டைட்டானியம் கலந்ததும் முதல் கோடு. ரெசின் ஊற்றியதும் இரண்டாவது. கறுப்பு சேர்த்துச் சாம்பல் நிறமானதும் மூன்றாவது. இப்படிக் கடைசியில் தண்ணீர் விட்டுப் பதம் பார்ப்பது வரை, ஒரு பேட்சுக்கு ஒரு மூடி, ஐந்து கோடு. காய்ந்ததும் மிக்சருக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. "என்னக்கா, கோலம் போட்டு முடிச்சாச்சா?" என்று நான் கிண்டல் செய்வேன். அந்த மூடிகளை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பெயிண்ட் சரியாக வந்திருக்கிறது என்று சொல்லும் பேட்ச் கார்டில் கையெழுத்து என்னுடையது. நான் போடும்வரை அவர் அந்தக் கார்டை நீட்டியபடி நிற்பார்.

நாலாவது கோடு என் பக்கெட்டுக்கு. அதைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: பெயிண்டில் மிகக் குறைவாகச் சேர்க்கிற, ஆனால் அதன் குணத்தையே மாற்றுகிற சரக்குகளின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். டிரம்மில் இருக்கும் லேபிளைக் கிழித்துவிட்டு ஒரு நம்பர் ஒட்டிவிடுவோம். ஆள் வேறு கம்பெனிக்குப் போனால் ஃபார்முலாவும் கூடவே நடந்துவிடும் என்ற பயம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நான் இன்னும் ஒரு படி மேலே. லேப் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருக்கும் சின்ன மிக்சரில் நம்பர் ஒட்டிய மூன்று சரக்குகளை ஒன்றாக அடித்து, ஒரு நீல பக்கெட்டில் ஊற்றி, "நாற்பத்தேழு" என்று எழுதிக் கொடுப்பேன். அக்கா அதை வாங்கி ஊற்றுவார். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பூந்தமல்லியில் ஒரு பட்டறைக்காரர் மின்சாரப் பெட்டிகள் செய்கிறார். அவருக்கு வெளிர் சாம்பலில் தண்ணீர் பெயிண்ட் வேண்டியிருந்தது. எங்கள் கொட்டகையில் தயாரான முழு பேட்சிலிருந்து பெயிண்ட் அடித்துப் பார்த்து, மேற்பரப்பு சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். லேபில் நான் செய்து கொடுத்த மாதிரியை ஏற்கெனவே பார்த்து மயங்கியிருந்தார். ஆயுத பூஜை முடிந்ததும் முதல் பேட்ச் என்று நாள் குறித்தோம்.

ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிற மெஷின்கள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் கொட்டகைகளில் வாசலுக்கு வாசல் வாழைக்கன்று, ஓவனுக்கு மாலை, ஏர் கம்ப்ரசருக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம். அக்கா பெரிய மிக்சரை இரண்டு நாள் தேய்த்துக் கழுவி மஞ்சள் துணி கட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. லேபில் இருக்கும் என் சின்ன மிக்சரை, அன்று காலை என் ஸ்கூட்டரை மினுக்கின மாதிரியே பளபளவென்று மினுக்கி, ஒரு ரோஜாப்பூவும் வைத்தேன். பொரி, சுண்டல், பூசணிக்காய் உடைத்தது என்று நாள் நன்றாகப் போயிற்று.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் பேட்ச் போட்டோம். சோதனைத் தகட்டில் பெயிண்டை அடித்தேன். பரவியது, அழகாக மட்டமானது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அங்கங்கே பின்வாங்க ஆரம்பித்தது. வாழையிலையில் தண்ணீர் ஒட்டாமல் விலகுமே, அந்த மாதிரி. காய்ந்தபோது தகடு முழுக்கக் கடுகளவு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வெறும் இரும்பு தெரிந்தது. பட்டறைகளில் இதை 'ஃபிஷ் ஐ', மீன் கண், என்பார்கள். அவை உண்மையிலேயே என்னைப் பார்த்தன.

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எங்கிருந்தோ எண்ணெய், அதிலும் சிலிக்கான் எண்ணெய், உள்ளே வந்திருக்கிறது. எங்கள் தராசில் வைத்தால் முள் அசையாத அளவு போதும், ஒரு தொட்டி பெயிண்ட் பாழ். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, விஷமாவது துளியாக இருக்கும். இது துளிகூட இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விசாரணை ஆரம்பித்தது. முதல் குற்றவாளி, தலைக்கு வைக்கிற எண்ணெய். "நாளையிலேர்ந்து யாரும் தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு வரக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். முகத்துக்குக் கிரீம் கூடாது, கைக்கு லோஷன் கூடாது, மல்லிகைப்பூகூடக் கூடாது. மறுநாள் மொத்த கொட்டகையும் காக்கைக் கூடு மாதிரி தலையோடு வந்து நின்றது. நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் வாசம் பிடித்தேன். "இன்னா மாமே, மேடம் தலைய மோந்துகினு கீது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது, சிரிப்பும் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் முடியை இறுக்கிக் கட்டி மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ரெசினைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கம்ப்ரசர் காற்றைச் சந்தேகப்பட்டேன். என் மூன்று நம்பர் சரக்குகளையும் விடவில்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி அடித்துப் பார்த்தேன். மூன்றும் சுத்தம். அப்படியானால் என் பக்கெட்டும் சுத்தம் என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டு மூடிவிட்டேன். ஊருக்கெல்லாம் சோதனை, எனக்கு மட்டும் விலக்கு.

இரண்டாவது பேட்ச். திரும்பவும் குழிகள். அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"மேடம், உன் பக்கெட்ட ஊத்துற வரைக்கும் நல்லாத்தான் கீது."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் புரியவில்லை. "அக்கா, பக்கெட்டுல என்ன இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா? மிக்சரை ஒழுங்காக் கழுவினீங்களான்னு அதைப் பாருங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.  அக்கா போய் மிக்சரைக் கழுவினார். முன்பே இரண்டு தடவை கழுவியிருந்தார்.

மூன்றாவது பேட்சும் குழி விழுந்தபோது முதலாளியே கொட்டகைக்கு வந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் பூந்தமல்லிக்காரர் போனில் பேசிய பேச்சு அவர் காதில் இன்னும் சூடாக இருந்தது. தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"லேப்ல செஞ்சப்போ நல்லா வந்துச்சு. இங்க செஞ்சா வரல. அப்போ கை மாத்திப் பார்க்க வேண்டியதுதான். தின்னர் கொட்டகையிலேர்ந்து அனுபவசாலி ஒருத்தரைப் போடுங்க. இவங்க பேக்கிங்குக்குப் போகட்டும். அடுத்த பேட்ச் திங்கட்கிழமை."

நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அன்று அந்த இடத்தை ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தவளும் நான்தான். எனக்கும் அவர்மேல் அப்போது சந்தேகம் இருந்தது, அதுதான் உண்மை. அக்கா ஆபரேட்டருக்கான நீல ஓவர்கோட்டைக் கழற்றி மடித்து மிக்சர் மேல் வைத்தார். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் நான் லேபில் தனியாக இருந்தபோது கதவைத் தட்டினார். கையில் ஒரு பழைய துணிப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக டின் மூடிகளை எடுத்து என் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"முதலாளியாண்ட காட்லாம்னுதான் எடுத்தேன். அப்பால யோசிச்சேன். மொதல்ல நீ பாரு."

பார்த்தேன். மூன்று பேட்ச், மூன்று மூடி. முதல் கோடு சுண்ணாம்பு மாதிரி, தொட்டால் கையில் ஒட்டியது, ரெசின் சேராததால் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது வழவழப்பு. மூன்றாவது வழவழப்பு. நாலாவது கோட்டில் குழி. ஐந்தாவதில் குழி. மூன்று மூடியிலும் அதே இடத்தில், நாலாவதில்தான் ஆரம்பம். பிறகு பூஜைக்கு முந்தைய பேட்ச் ஒன்றின் மூடியையும் எடுத்து வைத்தார். அதில் ஐந்து கோடும் சுத்தம்.

 லட்ச ரூபாய்க் கருவிகளை வைத்துக்கொண்டு நான் ஊரார் தலையை மோந்துகொண்டிருந்தேன். குப்பையில் போகிற மூடியில் ஒரு கரண்டியால் இந்த அம்மாள் மொத்த கதையையும் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார். நான் தினமும் அந்த ஆணியைத் தாண்டித்தான் நடந்தேன்.

"திங்கக்கெழம புது ஆளு வந்தாலும் குழிதான் வுழும் மேடம்" என்றார். "வுழுந்தா நம்ம பெயிண்ட்டே வேணாம்னு பூடுவாங்க. அதான் சொன்னேன்." மூடிகளை அங்கேயே விட்டுவிட்டுப் பேக்கிங்குக்குப் போய்விட்டார்.

கதவைச் சாத்தினேன். என் மூன்று சரக்குகளையும் இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைக் கேன்டீனிலிருந்து வாங்கிவந்த எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் அடித்தேன். இன்னொரு பங்கை வழக்கம்போல என் சின்ன மிக்சரில். இரண்டையும் நல்ல பெயிண்டில் கலந்து இரண்டு தகட்டில் இழுத்தேன். டம்ளர் தகடு அசையாத குளம் மாதிரி நின்றது. மிக்சர் தகடு ஒரு நிமிஷத்தில் கண் திறந்தது.

நான் மெதுவாகத் திரும்பி என் மிக்சரைப் பார்த்தேன். அது பளபளவென்று நின்றது. பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகியும் அதே பளபளப்பு. சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியிருப்பேன்! ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அதன் தண்டின் மேல் விட்டேன். ஒட்டவில்லை, உருண்டு ஓடி மேஜையில் விழுந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று காலை ஸ்கூட்டருக்கு அடித்த பாலிஷ் ஸ்ப்ரேயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, என் மெஷினும் மினுங்கட்டுமே என்று ஆசையாக இரண்டு தடவை அழுத்தினேன். இந்த மாதிரி வண்டி பாலிஷில் பளபளப்பு வருவதே சிலிக்கானால்தான். பெயிண்ட் அறைக்குள் அது வரவே கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பவள் நான். பூஜை என்றதும் அந்தப் பாடம் எங்கே போயிற்றோ.

வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வந்தது பிரமிப்புதான், அதை மறைக்க மாட்டேன். பக்தியில் ஒரு விரல் அழுத்தியது. அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை, மணக்கவில்லை, எடையில்லை. சோப்புக்குப் போகவில்லை. தண்டிலிருந்து பக்கெட்டுக்குப் போய், பக்கெட்டிலிருந்து ஆளுயரத் தொட்டிக்குள் போய், அத்தனை பெயிண்டிலும் கரையாமல் இருந்து, கடைசியில் இரும்பின் மேல் தன் இடத்தை வட்டம் போட்டுக் காட்டியது. நாம் மறந்துவிட்டதைப் பொருள்கள் மறப்பதில்லை. 

பிறகு முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தகடுகளையும் மூடிகளையும் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நம்ம பெயிண்ட்டைக் கெடுத்தது சரஸ்வதி பூஜையா?" என்றார்.

"பூஜை இல்ல சார், நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு மூடியை வெளிச்சத்துக்குத் தூக்கி நாலாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? யார்கிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க."

பேக்கிங் அறையில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். கத்தினது எல்லார் முன்னாலும் என்பதால் இதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா ஒரு டின்னில் லேபிளை வைத்து, சுருக்கம் விழாமல் விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. என் பக்கெட்டுதான். பூஜைக்கு லேப் மிக்சருக்கு வண்டி பாலிஷ் அடிச்சுட்டேன். நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கல. மன்னிச்சுடுங்க."

 அவர் லேபிளின் கடைசி மூலை வரை நீவி முடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எங்க தலைல எண்ண வெக்க வேணாம்னுட்டு நீ மெஷினுக்கு வெச்சியா மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. அவர் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார், "அந்தப் பக்கெட்டுல இன்னாதான் கீது?"

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். நானும் முதல் தடவையாகச் சொன்னேன். அவரை லேபுக்குக் கூட்டிப்போய், நம்பர் ஒட்டின காகிதங்களைக் கிழித்து, ஒவ்வொன்றையும் பெயரோடு காட்டினேன். அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"ஒண்ணு நொரைய அடக்குது. ஒண்ணு பெயிண்ட்ட இரும்பு மேல பரப்புது. ஒண்ணு அந்தப் பால் உருண்டைங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெக்குது. இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அக்கா."

"இதுக்கா கதவ சாத்திகினு இருந்த?"

நான் எழுந்துபோய் லேப் கதவை விரியத் திறந்துவைத்தேன்.

திங்கட்கிழமை அக்கா நீல ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அட்டை வெளியே தொங்கியது. என் சின்ன மிக்சர் மூலைக்குப் போய்விட்டது. மூன்று சரக்குகளையும் புது பக்கெட்டில் அக்காவே கொட்டகையில் கலந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டைட்டானியம் விழுந்தது. சத்தம் மொழுமொழுவென்று ஆயிற்று. பால் ஊற்றினார். கறுப்பு சேர்ந்து வெள்ளை மெல்லச் சாம்பலானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பிறகு பக்கெட். அந்த பேட்ச்தான் பூந்தமல்லிக்குப் போய், அவர்கள் இன்றுவரை வாங்குகிற பெயிண்டாக நிலைத்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

நாலாவது கோட்டை இழுத்துவிட்டு மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்து பேட்ச் கார்டுக்குக் கையை நீட்டினேன். அக்கா கார்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இரு மேடம். காயட்டும்."

பேனாவை மூடினேன். இரண்டு பேரும் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரம் ஓரங்களிலிருந்து உள்ளே வற்றிக்கொண்டே வந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எங்கேயும் விலகவில்லை, எங்கேயும் கண் திறக்கவில்லை. கோடு முழுதாக ஒரே தோலாகி, ஜன்னல் கம்பிகள் அதில் மங்கலாகத் தெரிந்தன. அக்கா விரல் நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கார்டை என்னிடம் நீட்டினார்.

"ம். இப்போ போடு கையெழுத்து."